மூன்று அங்குலம்

மூன்றாவது தடவையாக வந்து நிற்கிறது
திருநாவின் ட்ரைட்டன்.
இடது முன்சக்கரத்தின் உட்புறம்
யாரோ மை தொட்டு வட்டம் போட்டது போல்
கறுப்புக் கிரீஸ்.
குனிந்து பார்க்க வேண்டியதில்லை.
பூட் கிழிந்துவிட்டது.

"கல்லு குத்திருச்சுக்கா" என்கிறான்.
போன தடவை செம்பனை முள்.
அதற்கு முந்தி, தாய்லாந்து ரப்பர் சரியில்லை.
வண்டியைத் தூக்கி நிறுத்தியிருக்கும்
அந்த மூன்று அங்குல ஸ்பிரிங்கைப் பற்றி
மூன்று தடவையும் பேச்சில்லை.

பகாவில் என் பட்டறைப் பலகையில்
'பிரதர்ஸ்' என்றிருக்கும்.
அண்ணனும் இல்லை தம்பியும் இல்லை,
கடையோடு சேர்ந்து வந்த பெயர்.
இருப்பது நானும் ரொபியுலும்
இந்த உயரத்துக்கு எட்டாத ஒரு ஜேக்கும்.
அடியில் ரயில் கட்டை வைத்துத்தான் ஏற்றுகிறோம்.

சக்கரம் கழன்றது.
நடு நட்டு மட்டும் பிடிவாதம்.
ஸ்பானாவில் இரும்புக் குழாயைச் செருகி
ரொபியுல் ஏறி நின்று ஒரு குதி குதித்ததும்
"ஙக்" என்றது.

அச்சை உருவி மேசையில் கிடத்தினேன்.
துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாய் ரப்பர்.
இரண்டாம் மடிப்பும் மூன்றாம் மடிப்பும்
வளையக் கூடாத கோணத்தில் வளைந்து
ஒன்றையொன்று தின்றிருக்கின்றன.
கல்லும் இல்லை, முள்ளும் இல்லை.
உள்ளே ஜெராம் பாடாங் செம்மண்,
சோற்றில் கடிபடும் மணலாக.

மண்ணெண்ணெயில் அலசி
ஆறு குண்டுகளையும் எடுத்தேன்.
ஒவ்வொன்றாக விளக்கில் உருட்டிப் பார்க்க வேண்டும்.
நகம் தட்டும் பள்ளம் ஒன்றிருந்தாலும்
புது பூட் போட்டு என்ன பயன்?
ஐந்து சுத்தம்.
ஆறாவது ரொபியுலின் விரலிலிருந்து வழுக்கி
டிங் டிங் என்று
சாக்கடைப் பக்கம் போய்விட்டது.

மூன்று பேரும் முட்டி போட்டுத் தேடுகிறோம்.
கைபேசி வெளிச்சத்தில் தவளை, மூடி, முடி.
சாக்கடைக்குள் முகம் வைத்தபடியே
திருநாவு பேசினான்.

"எறக்கச் சொல்லாதக்கா.
மில்லு எடைமேடையில கூண்டு இருக்கில்ல,
பழைய உயரத்துல நான் அண்ணாந்து பாக்கணும்.
அவன் சீட்ட மேலருந்து போடுவான்.
காத்துல பறக்கும்.
மழையா இருந்தாலும்
எறங்கி, பின்னாடி நிக்கிற லோரியெல்லாம் ஹார்ன் அடிக்க
பொறுக்கணும்.
இப்ப கைக்கு நேரா கை.
மொத நாளே 'பாஸ்'னு கூப்டான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கெளடிச் செடியை விலக்கிக்கொண்டிருந்தேன்.

குண்டு ரொபியுலின்
கால்சட்டை மடிப்புக்குள் இருந்தது.
அரை மணி நேரமாக
அதையும் மடித்துக்கொண்டுதான் தேடியிருக்கிறான்.
பள்ளமில்லை. பளபளவென்று இருந்தது.

புதுக் கிரீஸை உள்ளங்கையில் பிதுக்கி
இண்டு இடுக்கெல்லாம் அழுத்தினேன்.
பூட்டை மேலே இழுத்து,
ஒரு ஸ்குரூடிரைவரால் காற்றை ஏப்பம் விட வைத்து,
இரண்டு பட்டையும் இறுக்கி முடித்தபின்
அலமாரியிலிருந்து நான்கு வளையங்களை எடுத்தேன்.
போன மாதமே கடைந்து வைத்தது.

"ஒரு இன்ச் எறக்கப் போறேன்."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து
ரொபியுலே சிரித்துவிட்டான்.

"வண்டிய இல்லப்பா. அடியில இருக்கிற டிஃப்ப.
அது கீழ வந்தா அச்சு நிமிரும்,
ரப்பர் பொழச்சுக்கும்.
நீ அங்கயே உக்காந்துக்க,
உன் கூண்டுக்கு நேரா."

மாலை, சந்தில்
ஸ்டீயரிங்கை இடது கடைசி வரை ஒடித்து ஒரு வட்டம்,
வலது கடைசி வரை ஒடித்து ஒரு வட்டம்.
கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டோம்.
டக் டக் இல்லை.
சீனக் கோயில் நாய் மட்டும் குரைத்தது.

கணக்கில் எழுதச் சொன்னான்.
எழுதினேன்.
வலது பூட்டிலும் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு,
அதையும் சொன்னேன்.

"சம்பளம் போடட்டும்க்கா" என்று
மேலேயிருந்து சொன்னான்.
பதில் சொல்ல
நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.